ரதி கட்டினவன்

முகங்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். கண்டி டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவருக்கு எந்த பிரேம் பொருந்தும், மூக்குத்தண்டு எவ்வளவு அகலம், ஒரு காது மற்றதைவிட இறங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அவர் கதிரையில் உட்காருவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை பார்த்த முகத்தை மறக்க மாட்டேன். அப்படிப்பட்டவன், மாதக்கணக்கில் என் பாயில் படுத்து எழும்பிப் போன ஒரு ஆளின் முகத்தை மட்டும் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.

என் பெயர் திலக்ஷன். மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். கண்டியில் எங்களைப் போன்றவர்கள் ஒருவரையொருவர் போனில்தான் கண்டுபிடிக்கிறோம். அதற்கென்று ஆப் இருக்கிறது. அதில் யாரும் முகத்தைப் போடுவதில்லை. ஒருவன் பூவைப் போடுவான், ஒருவன் மலையைப் போடுவான், நான் மூக்குக்கண்ணாடிப் படம் போட்டிருந்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கொழும்பிலிருந்து வருகிறவன், வெள்ளைக்காரன், பெரிய உத்தியோகத்தன் என்றால் ஆணுறை கட்டாயம். தோட்டத்து ஆள் என்றால் மூன்று கேள்வி. எந்தத் தோட்டம், எந்தக் கணக்கு, யாரு வூடு? கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனிடமும், பெண் பார்க்க வந்தவர்களிடமும் எங்கள் சனம் கேட்கிற அதே கேள்விகள்தான். பதில் சரியாக இருந்துவிட்டால் ஆணுறை சட்டைப்பையிலேயே கிடக்கும். அதை வெளியே எடுக்கவே கூச்சமாக இருக்கும். சொந்தக்காரனிடம் அடையாள அட்டை கேட்கிற மாதிரி. இந்தச் சட்டத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். அடிமுட்டாள்தனம். அப்போது அது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரமேஸ் என்ற பெயரில் அவன் எனக்கு எழுதியது ஆடி மழையில். படம் எதுவும் இல்லை, வெறும் சாம்பல் வட்டம். முதல் வரியே, "மடுல்கெல்லதானே? மேல்கணக்கா, கீழ்க்கணக்கா?" என்று இருந்தது. நான் என் ஊரை எங்கேயும் போட்டிருக்கவில்லை. அந்த விஷயம் அப்போது என் புத்தியில் ஏறவே இல்லை.

கோயிலுக்குக் கீழே தண்ணீர் விழுகிற பீலியைப் பற்றி எழுதினான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் படியில் உடைந்த மூலையைப் பற்றி எழுதினான். டிஸ்பென்சரியில் கிடந்த நொண்டி நாயைக்கூட விடவில்லை. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் பல்லிளித்தபடி நின்றேன். கடைசியாக, நீ ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த வருஷம் உங்கள் காமன் கூத்தில் ரதி கட்டினது நான்தான் என்று எழுதினான்.

அதோடு நான் விழுந்தேன். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து ஆடுவார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும், சிவன் மன்மதனை எரிப்பார், ரதி விழுந்து புரண்டு அழுவாள், மூன்றாம் நாள் அவன் உயிர்த்து வருவான். ரதியும் ஆண்தான். காப்புக் கட்டிக்கொண்டு, கவுச்சி இல்லாமல், பாய் தலையணை இல்லாமல் விரதம் இருப்பான். அந்த நாட்களில் வயசான பெண்கள்கூட அவன் காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அந்த வருஷத்து ரதி முகம் முழுக்க ரோஸ் நிற அரிதாரத்தோடு எங்கள் வரிசை வீடுகளின், லயத்தின், வாசலில் ஆடியபோது, எனக்குப் பத்தொன்பது வயது, நான் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கீழ்க்கணக்கு ஆள் என்று மட்டும் காதில் விழுந்தது. பெயர் கேட்டால் என் முகமே என்னைக் காட்டிக் கொடுத்துவிடும் என்று கேட்காமல் விட்டேன். அப்புறம் கண்டிக்கு வந்துவிட்டேன். இப்போது அந்த ரதி என் போனுக்குள்ளிருந்து என்னைக் கூப்பிடுகிறாள்.

என் அறை அம்பிட்டியப் பக்கம், ஒரு வீட்டுக்கு அடியில் மலையைக் குடைந்து கட்டியது. சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மண் சரியாமல் கட்டிய கருங்கல் சுவர், அதில் பாசி. பட்டப்பகலிலும் லைட் போடாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. மேலே குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அப்படி ஒரு ஞாயிறு மத்தியானம் அவனை வரச் சொல்லியிருந்தேன். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, கதவுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"மொட்டையா, நான்தான்."

என்னை அப்படிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒரே ஆள், என் அம்மா. சின்ன வயதில் மாரியம்மனுக்கு முடி இறக்கிய நாளிலிருந்து அந்தப் பெயர். அந்த மழைக்குள் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சில்லிட்டது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை, சந்தோஷம் என்று வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன். ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக உள்ளே வந்தவன், லைட் வேண்டாமே என்றான். சரி என்றேன். ஆணுறை என் சட்டைப்பையில் இருந்தது. அவனும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காப்புக் கட்டின கை அது. அந்தக் கைக்காரனிடம் போய் இதை நீட்டுவதா என்றிருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் வந்தான். அவன் பேசிய தமிழ் எங்கள் லயத்துத் தமிழ், இன்னும் சரியாகச் சொன்னால் என் தமிழ். நான் இழுக்கிற இடத்தில் இழுத்தான், நான் விழுங்குகிற சொல்லை விழுங்கினான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. வியாழன் வெள்ளியெல்லாம் நத்தை மாதிரி நகர்ந்தன. அவனுக்குத் தேவைப்பட்டதோ ஒன்றே ஒன்றுதான். எல்லாம் முடிந்து படுத்திருக்கும்போது, ஏதாச்சும் ஊர்க்கதை சொல்லுங்க என்பான்.

நானும் சொன்னேன். என்னைப் பற்றி அவ்வளவு ஆசையாகக் கேட்டவர் அதற்குமுன் யாரும் இல்லை. சின்ன வயதில் என் மூக்குக்குள் அட்டை போன கதையை, வேறு யாரிடமும் சொல்லாததை, அவனிடம் சொன்னேன். பீலியில் வாய் வைத்துக் குடித்தபோது போயிருக்கிறது. நாட்கணக்கில் உள்ளேயே இருந்து ரத்தம் குடித்தது, எனக்கு வலியே இல்லை. அப்பா ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து அதன்மேல் என் முகத்தைக் குனிய வைத்தார். மூச்சுவிடாதே என்றார். தண்ணீரின் குளிர்ச்சிக்கு அது மெல்லத் தலையை நீட்டியது. உப்பை எடு என்று அப்பா அம்மாவிடம் கத்தினார்.

"உப்பு இல்ல," என்றான் அவன் இருட்டில். "பொகயிலதான் கேட்டாரு."

நான் யோசித்தேன். புகையிலைதான். அப்பாவின் விரலில் இருந்த அந்த நாற்றம் முப்பது வயதில் திரும்ப என் மூக்கில் ஏறியது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அட்டைக்கு எல்லா வூட்லயும் பொகயிலதானே என்று சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் அன்று அவன் போன பிறகு லைட்டைப் போட்டுவிட்டு நெடுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தை முடிகிற சமயம் சுதேஷ் என்னை குட்ஷெட் பஸ் ஸ்டான்டுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடைக்கு வரச் சொன்னான். சுதேஷ் ஹேவாஹெட்டத் தோட்டத்து ஆள். மார்க்கெட்டில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறான். எங்கள் வட்டத்தில் எனக்கு இருக்கிற ஒரே உயிர்ச்சிநேகிதன் அவன்தான். கட்டாருக்குப் போக மெடிக்கல் செய்திருந்தான். மெடிக்கலில் விழுந்துவிட்டேன் என்றான். எச்.ஐ.வி. என்ற சொல்லை அவன் பிளேன்டிக் கோப்பைக்குள் சொன்னான், நான் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

யாரிடமிருந்து என்று கேட்டேன். அதைக் கேட்டிருக்கக் கூடாது, ஆனால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறோம். சுதேஷ் அதற்குக் கோபப்படவில்லை. இரண்டு வருஷமாக ஒரே ஒரு ஆள்தான் என்றான். நம்பிக்கையான ஆள், எங்க தோட்டத்து ஆள், எங்க தோட்டத்துக் கூத்துல ரதி கட்டினவன்.

கோப்பையைக் கீழே வைத்தேன். பெயர் என்ன என்றேன். ரமேஸ் என்றான். என்னென்ன பேசுவான் என்றேன். சுதேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பாவம்டா அவன், சின்ன வயசுல மூக்குக்குள்ள அட்டை போயி, அவங்க அப்பா சட்டியில தண்ணி வச்சு எடுத்தாராம் என்று சொன்னான். ஹேவாஹெட்ட மேல் டிவிஷனில், பீலிப் பக்கத்தில். அப்பா புகையிலை கேட்டாராம்.

பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தன. என் மூக்கை நான் கையால் பொத்திக்கொண்டிருப்பதைச் சுதேஷ் சொல்லித்தான் கவனித்தேன். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனும் சொன்னான். என் ஊரைப் பற்றியும், அம்மா என்னைக் கூப்பிடும் பெயரைப் பற்றியும், ஒரு ரதியைப் பார்த்து நான் மயங்கி நின்றதைப் பற்றியும் சுதேஷ்தான் ஒரு நாள் வேடிக்கையாக அந்த ஆளிடம் சொல்லியிருக்கிறான். சுதேஷின் வாயிலிருந்து எடுத்து ரமேஸ் எனக்குக் கொடுத்திருக்கிறான், என் வாயிலிருந்து எடுத்துச் சுதேஷுக்குக் கொடுத்திருக்கிறான். இன்னும் எத்தனை தோட்டத்தில் அவன் பிறந்திருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேராலும் அவன் முகத்தை இப்படி என்று சொல்ல முடியவில்லை. சுதேஷுக்கு அவன் தன் சித்தப்பா மகன் மாதிரி. எனக்கு என்னோடு பள்ளியில் படித்த யாரோ மாதிரி.

"ஆளத் தேடாத. மொதல்ல போயி ரத்தத்தக் குடு," என்றான் சுதேஷ்.

நான் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. அவனைப் பிடித்து இரண்டு அறை கொடுத்து, நீ யார் என்று கேட்காமல் எனக்கு எதுவும் ஓடாது. ரத்தம் கொடுக்கிற பயத்துக்கு அந்த ஆத்திரம் நல்ல மறைப்பாகவும் இருந்தது. அவன் எழுதிய எதற்கும் பதில் போடாமல், மாசி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை மடுல்கெல்லைக்கு பஸ் ஏறினேன்.

காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியிருந்தார்கள். பகலில் தப்பு அடித்துக்கொண்டு வீடு வீடாக ஆடிவந்தார்கள். இந்த வருஷத்து ரதி ஒல்லியான பையன், வேர்வையில் அரிதாரம் கழுத்துக்கு வழிந்திருந்தது. கூத்துப் பழக்குகிற மூக்கையா மாமா கோயில் மதிலில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய், நான் ஏ.எல். எழுதின வருஷம் ரதி கட்டினது யார் மாமா என்று ரொம்ப அலட்சியமாகக் கேட்டேன். அதைக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்திருக்கிறது.

அவர் உடனே சொன்னார். கீழ்க்கணக்குச் செல்வராசு. அவனை மாதிரி ரதி அதற்குப் பிறகு அமையவே இல்லையாம். இப்போது எங்கே என்றேன். மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவன் செத்து வருசம் ஆச்சே தம்பி. கொழும்புக்கு வேலக்கிப் போனான். மெலிஞ்சு மெலிஞ்சு, எலும்பா வந்து படுத்தான். என்னா நோயின்னு டாக்டரு அவங்க அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னாரு. அந்தம்மா யாருகிட்டயும் சொல்லல. காப்புக் கட்டுன புள்ளக்கி அப்புடி ஒன்னும் வராதுன்னு நாங்களும் கேக்கல."

தப்புச் சத்தம் கீழ் லயத்துக்கு இறங்கிப் போனது. நான் பீலிக்குப் போய் முகத்தைக் கழுவினேன், தண்ணீரில் வாய் வைக்கவில்லை. எரிந்த மன்மதன் உயிர்த்து வந்தாலும் உடம்பு இல்லாமல்தான் வருவான், ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்று கூத்தில் பாடுவார்கள். எத்தனையோ வருஷம் கேட்ட பாட்டு. அன்று அதைக் கேட்டபடி பஸ்ஸுக்கு நிற்கையில், ஞாயிற்றுக்கிழமைகளில் என் பாயில் கனத்த அந்த உடம்பு யாருடையது என்று எனக்குப் பயம் பிடித்தது. படித்தவன்தான் நான், கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கண் அளக்கிறவன்தான். ஆனாலும் பிடித்தது. திரும்பி வந்து ரமேஸின் நம்பரையும் ஆப்பையும் அடைத்துவிட்டேன். அதன் பிறகு ஞாயிறுகளில் அறையில் தங்கவும் இல்லை.

அடுத்த கிழமை சுதேஷ் கடைக்கே வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனான். அரசாங்கக் கிளினிக். அங்கே இருந்த நிரஞ்சனி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், தாதி. சுதேஷை அவருக்கு ஏற்கனவே தெரியும். என்னையும் அதே சிரிப்போடு உட்கார வைத்தார். விரலில் குத்தினார்கள். பிறகு கையிலும் எடுத்தார்கள். கடைசி முடிவு வருகிற நாளில் நான் முகம் கூடச் சவரம் செய்யாமல் போனேன்.

எனக்கும் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை இருக்கு, ஒழுங்காகப் போட்டால் வயசு போகுமட்டும் இருக்கலாம், கிருமி அடங்கினால் மற்ற ஆக்களுக்கும் தொத்தாது என்றெல்லாம் சொன்னார். எனக்குக் காதில் ரமேஸ் என்ற பெயர்தான் இரைந்துகொண்டிருந்தது. அவன் கொடுத்தது அக்கா, போன ஆடியில் வந்த ஒருவன், ஆள் யாரென்றே தெரியாது, செத்தவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான் என்று அழுதேன். அவர் டாக்டர் எழுதியதை இன்னொரு தரம் பார்த்தார்.

"தம்பி, இது போன ஆடியில வந்தது மாதிரித் தெரியேல்லை. உங்கட எதிர்ப்புச் சக்தி நல்லாக் குறைஞ்சிருக்கு. கன வருசமா உள்ளுக்க இருந்திருக்கும் எண்டு டாக்டர் நினைக்கிறா. முந்தி எப்பவாவது அக்கி வந்ததோ?"

வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு இடுப்பைச் சுற்றிக் கொப்புளம், தீயாக எரிந்தது. மஹய்யாவையில் ஒருவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டேன். ஆறிவிட்டது என்று கோயிலில் தேங்காயும் உடைத்தேன். அப்போது ரமேஸ் என்று ஒருவன் என் வாழ்க்கையில் இல்லை.

வெளியே மரவாங்கில் உட்கார்ந்து சுதேஷ் எனக்காகக் காத்திருந்தான். நானும் அவனும் ஒரே ஒரு தடவை, நாலைந்து வருஷம் முன்பு, நுவரெலியா சீசனுக்குப் போனபோது ஒன்றாக இருந்திருக்கிறோம். அப்போதும் ஆணுறை பையிலேயேதான் கிடந்தது. நான் அவனுக்கா, அவன் எனக்கா, இல்லை இரண்டு பேருக்கும் வேறு இரண்டு பேரா என்று அக்காவிடம் கேட்டதற்கு, அதை இந்த ரத்தம் சொல்லாது என்றார். வெளியே வந்து சுதேஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு தோளில் கை போட்டான். அந்தக் கையின் கீழ் நான் கூசிப்போனேன். டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னேன். கை தோளைவிட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானமும் மழை. மாசியில் அப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுத் தலை சுற்றிப் படுத்திருந்தேன். வெளியே படியில் ஈரச் சப்பாத்துச் சத்தம் இறங்கி வந்து, கதவடியில் நின்றது.

"மொட்டையா, நான்தான்."

பாயில் எழுந்து உட்கார்ந்தேன். செல்வராசு எலும்பாகக் கிடந்தது கண்ணில் வந்தது. தாழ்ப்பாளைப் பார்த்தேன், போட்டுத்தான் இருந்தது. மூச்சுவிடாமல் இருந்தால் போய்விடுவான். இரண்டாம் தரம் கூப்பிட்டான், அம்மாவின் இழுப்பு அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே நிற்கிறவன் யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், மாதக்கணக்காக இந்தக் கதவை நம்பிப் படியிறங்கி வந்தவன் அவன். உள்ளே நோயோடு உட்கார்ந்திருந்தது நான். என்னைக் கண்டு பயப்பட வேண்டியவன்தான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றான். இன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால், அவன் நோயைப் பற்றித் தெரியாமலே இன்னொரு தோட்டத்து வாசலில் போய் நிற்பான்.

லைட்டைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அவன் கையால் கண்ணை மறைத்தான். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கினேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, செல்வராசு ஆடிய வருஷம் இவன் பள்ளிக்கூடப் பையன். இடது கண் லேசாக உள்ளே சாய்ந்திருந்தது. பார்வை நிச்சயமாக மைனஸ் மூன்றுக்கு மேல், கண்ணைச் சுருக்கித்தான் என்னைத் தேடினான். என்னையும் அவன் ஒரு நாளும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. யாருடைய சித்தப்பா மகனும் இல்லை அந்த முகம். யாரைப்போலவும் இல்லை.

நீ யார் என்று அதட்டிக் கேட்டேன். கதவடியில் நின்றபடியே சொன்னான். கலகெதரப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவன். யாரோ துணியில் சுற்றிக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னார்களாம், எந்த ஊர் என்று எவருக்கும் தெரியாது. அங்கே பேசியது சிங்களம். தமிழை எங்களிடமிருந்துதான் பொறுக்கியிருக்கிறான். இப்போது பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. மோட்டர் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போகும்போது, நாங்கள் சொன்ன பீலியையும் படியையும் நாயையும் தேடிப்போய்ப் பார்ப்பானாம். மூன்று கேள்விக்கும் பதில் இல்லாதவனை எங்களில் யாரும் பக்கத்தில் சேர்க்கவில்லை, பதில் இருந்தால் சேர்த்தார்கள் என்றான். அறைய ஓங்கிய என் கை அப்படியே நின்றது.

உட்கார வைத்தேன். எனக்கு நோய் இருப்பதைச் சொன்னேன், அவன் வருவதற்கு முன்பிருந்தே இருந்ததையும், சுதேஷுக்கு இருப்பதையும், ரதி கட்டின செல்வராசு மெலிந்து செத்ததையும் சொன்னேன். அவன் அழவில்லை. வேறு ஆட்களிடம் உறை போடாமல் இருந்ததே இல்லை என்றான், யாரோ கேட்ட கணக்கை ஒப்புவிக்கிற மாதிரி.

"வூட்டுப் பேரு சொன்னவங்ககிட்ட மட்டும் போடல. அம்மா கூப்புடுற பேரக் குடுக்கிறவங்க வேற என்னத்தக் குடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். நிரஞ்சனி அக்கா ஊர் கேட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். கலகெதர என்று மெல்லச் சொன்னான். உள்ளே கூட்டிப்போனார்கள். வாங்கில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளிடமும் ஒன்றைத்தான் கேட்டேன். எனக்கு வந்தது வந்ததுதான், இவனுக்கு மட்டும் என் கையால் வந்திருக்கக் கூடாது. வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு கெஞ்சிக் கேட்டதில்லை.

அவன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இல்லையாம்," என்றான். "மூணு மாசம் கழிச்சி இன்னொருக்கா வரணுமாம். தெனம் போட ஒரு மாத்திரயும் இருக்காம், வராம இருக்க."

எனக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினேன். அவன் சிரிக்கவில்லை. கல்யாண வீட்டு வாசலில் பேர் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவன்போல, கையிரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான்.

"சுதேஷ் அண்ணனுக்கும் இருக்கு. உங்களுக்கும் இருக்கு. அந்த ரதிக்கும் இருந்துச்சி," என்றான். "அப்ப நான் மட்டும் வேத்தாளா?"

அவன் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினேன்.

"ஆமாடா. வேத்தாளுதான். சாகுற வரைக்கும் வேத்தாளாவே இரு."

நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி அந்தச் சொல்லை ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், பிறகு இன்னொரு தரம். இரண்டாம் தரம் அது என் குரலில் இருந்தது.